வியாழக்கிழமைக் குழந்தைக் காட்சியும் பெயர் கேட்காத அக்காவும்

இவ்வளவு பிந்தி, ஊரே நித்திரையான நேரத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பயணக் குறிப்புகள் ஞாயிறு மத்தியானம்தான் வரும் என்பது இங்கே வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். இது ஞாயிறு வரை காத்திருக்காது. நாளை காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் எனக்கு ஒரு தொலைபேசி வரும். அதில் நான் சொல்லும் பதில் ஒரு பெண்ணின் வேலையை இல்லாமல் செய்துவிடக்கூடும். அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதை மட்டும் கேட்டால் விளங்காது. ஆகவே இன்று போய்வந்ததை வழமைபோல் வழி, நேரம், செலவோடு முதலிலிருந்து எழுதுகிறேன். கைக்குழந்தையோடு நகர மையத்துக்குப் படம் பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு அதுவும் உதவும்.

என் மகன் துருவனுக்கு ஒன்பது மாதம். அவன் பிறந்த பிறகு நான் தியேட்டர் பக்கம் போகவில்லை. நகர மையத்தில் ஒரு சின்னத் தியேட்டரில் வியாழன் மத்தியானங்களில் குழந்தைக் காட்சி நடக்கிறது என்று போன மாதம்தான் அறிந்தேன். குழந்தைகளுக்கான படம் அல்ல. பெற்றோருக்கான படம்தான், லைட்டுகளைப் பாதி எரியவிட்டு, சத்தத்தைக் குறைத்துப் போடுவார்கள். பிள்ளை அழுதால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தள்ளுவண்டிகளை முன்கூடத்தில் வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போகலாம்.

இந்த வாரம் போட்டது ஒரு ஜெர்மன் படம், ஒரு பிரெஞ்சு மேடை நாடகத்திலிருந்து எடுத்தது. அந்த நாடகத்தைக் கல்லூரியில் பிரெஞ்சு வகுப்பில் படித்திருக்கிறேன். ஒரு காட்சியில் நடித்தும் இருக்கிறேன். கதை சின்னது. ஒரு கணவனும் மனைவியும் மூன்று வருடம் வளர்த்த பிள்ளையை, விடிந்ததும் பெற்ற தாயிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓர் இரவு, ஒரு குசினி, இரண்டு பேர். பிள்ளை அடுத்த அறையில் நித்திரை. கடைசிவரை அதை நாங்கள் காண்பதில்லை. பத்தொன்பது வயதில் அந்த மனைவியாக நடித்தபோது வசனம் மறந்துபோகக் கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை. ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு அதே கதை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

என் கணவர் கஜனுக்கு விருப்பமில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. விடியவே போக வேண்டும். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இந்தக் குளிருக்குள்ள பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அழுற படம் பாக்கப் போறியோ? அழுறதெண்டால் வீட்டில இருந்து அழுமன். டிக்கெட் காசு மிச்சம்."

"நீங்கள் பின்னேரம் வந்து சமைக்கிறதெண்டால் நான் வீட்டில இருந்தே அழுறன்" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் ஆறு நிமிட நடை. வெளியே மைனஸ் பதினேழு. பத்து ஐம்பது பஸ்ஸைப் பிடித்தேன். ரயில் நிலையத்துக்குக் கால் மணித்தியாலம். பஸ்ஸில் தள்ளுவண்டிக்கு முன்பக்கம் இடம் உண்டு, ஆனால் ஏற்கெனவே ஒன்று நின்றால் அடுத்த பஸ்தான். அதையும் கணக்கில் வைத்துப் புறப்படுங்கள். புதிய ரயில் வந்த பிறகு எங்கள் பக்கத்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். அரை மணித்தியாலத்தில் மக்கில் நிலையம். லிஃப்ட் இருக்கிறது. ஏறினால் நிலத்தடிக் கடைவீதி வழியாகவே தியேட்டரின் கீழ்த்தளம்வரை பனியை மிதிக்காமல் நடக்கலாம். போகவரப் பயணச்செலவு எட்டு டொலருக்குள், துருவனுக்கு இலவசம். படத்துக்குப் பன்னிரண்டு டொலர்.

பன்னிரண்டரைக்குக் காட்சி. கிட்டத்தட்ட இருபது தாய்மார், மூன்று நான்கு தகப்பன்மார். துருவனின் ஸ்னோ சூட்டைக் கழற்றித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஓரத்து இருக்கையில் இருந்தேன். பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கபில நிற ஜாக்கெட். துருவனின் கன்னத்துக் கறுப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தா.

"தமிழா மகள்?"

"ஓம் அக்கா. நீங்கள் எவடம்?"

"மட்டக்களப்பு, கல்லடி. நீங்க யாழ்ப்பாணமாக்கும். வாயத் திறந்ததும் தெரியிது."

"மானிப்பாய். பன்ரண்டு வயசில இஞ்ச வந்திட்டன்."

"அங்கயிருந்து வந்தவங்க எல்லாரும் மானிப்பாய்தான், இல்லாட்டி கோண்டாவில். வேற ஊரே இல்ல போல" என்று சிரித்தா.

விளம்பரங்கள் முடிவதற்குள் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் வீடு. கணவர் ஒரு உணவகத்தில் சமையல். மகன் டொரண்டோவில். வீட்டில் நாலு பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறா, கார்டெரி என்கிற சின்ன வீட்டுக் காப்பகம். வியாழக்கிழமை பிள்ளைகள் வரமாட்டார்கள். என்னிடம் வாடகை எவ்வளவு, தாய்ப்பால்தானா, மாமியார் வந்து நின்றாவா என்று எல்லாம் கேட்டா. இருவரும் மற்றவரின் பெயரைக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. வயதில் மூத்தவவிடம் "உங்கட பேர் என்ன" என்று எப்படிக் கேட்பது? ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரித்தான்.

படம் தொடங்கி இருபது நிமிடத்தில் துருவன் அழத் தொடங்கினான். பல் வருகிறது, மூன்று கிழமையாக இரவில் நானும் அவனும் நித்திரை கொள்வதில்லை. எழும்பப் போனேன். அக்கா கையை நீட்டினா.

"தாங்க இஞ்ச. நீங்க படத்தப் பாருங்க. நான் ஒவ்வொரு நாளும் நாலு பேரப் பாக்கன். இவர் ஒராள் எனக்கு என்ன."

கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. கோயிலில், கலியாண வீட்டில், எங்கே என்றாலும் நாங்கள் அப்படித்தான். பிள்ளை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போகும். எங்கே நிற்கிறது என்று பார்த்தால் யாரோ ஒருத்தியின் மடியில் இருக்கும். அக்கா அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தா. அவனுடைய அழுகை குறைவது கேட்டது.

படத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது பாதிதான். பேச்சு ஜெர்மன், கீழே எழுத்து பிரெஞ்சு. பிரெஞ்சில் பிறந்த வசனம் ஜெர்மனுக்குப் போய் மறுபடி பிரெஞ்சாக வந்திருந்தது. எனக்குப் பாடமாக இருந்த வரிகள் எல்லாம் கொஞ்சம் இளைத்துப்போய்த் திரும்பி வந்தவர்களைப் போல இருந்தன. மேடையில் அவர்கள் ஓயாமல் கதைப்பார்கள். படத்தில் பேச்சே இல்லாமல் நிமிடக்கணக்கில் நிற்கிறார்கள். மேடையில் அடுத்த அறை என்று ஒன்று கிடையாது, ஒரு பொய்க் கதவு மட்டும்தான். படத்தில் கமரா உள்ளே போகலாம், ஆனால் போவதில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. மனைவி பிள்ளையின் உடுப்புகளை ஒவ்வொன்றாக அயர்ன் பண்ணுகிறாள். ஒரு சின்னச் சட்டை, பிறகு இன்னொன்று. நீராவிச் சத்தம். அதுவரை எனக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது திரையில் வெளிச்சமாக இருந்தது. அதே குசினி. விடிந்துவிட்டது. மேசையில் ஒன்றும் இல்லை, ஒருவரும் இல்லை. நான் நித்திரையாகிவிட்டேன் என்பது விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பக்கத்து இருக்கை காலி. பின்னால் திரும்பினேன். மூன்று தாய்மார் குழந்தைகளை ஆட்டியபடி நின்றார்கள். அக்கா இல்லை.

எழும்பி நடக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது: அக்காவிடம் பிள்ளை இல்லை. அங்கே யாரோ வைத்திருந்த ஏதோ ஒரு பிள்ளை அவவுடையது, அல்லது அவ பார்க்கும் பிள்ளை, என்று நானாக நினைத்திருந்தேன். வியாழக்கிழமை தன்னிடம் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அவவே சொன்னா. அப்படியென்றால் பிள்ளை இல்லாத ஒருவர் குழந்தைக் காட்சிக்கு ஏன் வருகிறார்?

முன்கூடத்தில் ஒருவரும் இல்லை. கழிவறையில் இல்லை. என் தள்ளுவண்டி விட்ட இடத்தில் நின்றது. அதற்குள் ஸ்னோ சூட் இல்லை.

இதை வாசிக்கும் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சூட் கிடந்திருந்தால் பிள்ளை இந்தக் கட்டடத்துக்குள்தான். சூட் இல்லையென்றால் யாரோ அவனுக்குக் கைகால் நுழைத்து, சிப் இழுத்து, தொப்பி போட்டு, வெளியே கொண்டுபோக ஆயத்தம் செய்திருக்கிறார்கள்.

டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். "உங்கள் அம்மாதானே? குழந்தையோடு வெளியே போனார்" என்றாள் பிரெஞ்சில், சிரித்த முகத்தோடு.

"எனக்கு அம்மா இங்கே இல்லை" என்றேன். அவளுடைய சிரிப்பு போனது.

கோட் இல்லாமல் தெருவுக்கு ஓடினேன். இரண்டு பக்கமும் பனியும் ஆட்களும், எல்லா ஜாக்கெட்டும் கறுப்பு அல்லது கபிலம். திரும்பி வந்து படிக்கட்டால் நிலத்தடிக்கு இறங்கினேன். அங்கே ஐந்து வழி. எந்த வழியால் போயிருப்பா என்று தெரியவில்லை. மெட்ரோவில் ஏறினால் முடிந்தது. நின்ற இடத்திலிருந்தே அவசர எண்ணை அழைத்தேன்; ஒரு பெண் எடுத்தா.

"குழந்தையைக் கொண்டுபோனவரின் பெயர்?"

"தெரியாது."

"எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"இன்றுதான். படம் தொடங்குவதற்கு முன்."

"உங்களிடமிருந்து குழந்தையைப் பறித்தாரா?"

"இல்லை. நான் கொடுத்தேன்."

"ஏன் கொடுத்தீர்கள்?"

"கேட்டார்" என்றேன்.

அவவின் ஊர், கணவரின் வேலை, மகன் இருக்கும் நகரம் எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பெண் கேட்ட பெயர் மட்டும் தெரியாது.

மேலே வந்தபோது படத்தை நிறுத்தி முழு லைட்டையும் போட்டிருந்தார்கள். தாய்மார் முன்கூடத்துக்கு வந்து, ஒவ்வொருவரும் தன் பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருத்தி தன் கோட்டை என் தோளில் போட்டாள். அவளுடைய பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் தெருக்கதவு திறந்தது. அக்கா. தொப்பியில் பனி. கையில் துருவன், ஸ்னோ சூட்டுக்குள் கண் மட்டும் தெரிய, விழித்துக்கொண்டு. மணிக்கட்டில் ஒரு மருந்துக்கடைப் பை.

"எழும்பிட்டீங்களா மகள்? பம்பஸ் நிறைஞ்சு முதுகு வரைக்கும் போயிட்டுது. உங்கட கால் பைக்கு மேல கிடந்திச்சு, இழுத்தா எழும்பிடுவீங்க. ரோட்டுக்கு அங்கால கடையில வாங்கி அங்கயே மாத்திட்டு வாறன். திரும்பி வரக்குள்ள வழி மாறிப்…"

முடிக்க நான் விடவில்லை. பிள்ளையைப் பறித்தேன். "ஆரைக் கேட்டுக் கொண்டுபோனீங்கள்? ஆரைக் கேட்டு?" தமிழில்தான் கத்தினேன். ஆனால் அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது.

அக்கா சுவரோரம் போய் நின்றா.

போலீஸ் வந்தது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியும்; பிள்ளைகளைப் பார்க்கிறவவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் சீருடையைக் கண்டதும் வாயிலிருந்து ஒரு பிரெஞ்சுச் சொல்லும் வரவில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டினா; அதிலிருந்த பெயரைப் பெண் அதிகாரி வாய்விட்டு வாசிக்காமல் எழுதிக்கொண்டா. அந்தப் பெண் அதிகாரி என்னைப் பார்த்து, உங்களால் மொழிபெயர்க்க முடியுமா என்றா. முறைப்பாடு செய்ததும் நான், இப்போது அவவுக்காகக் கதைக்கப் போவதும் நான்.

"உங்களிடம் குழந்தை இல்லை. ஏன் குழந்தைகளுக்கான காட்சிக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள்."

கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் துருவனின் கால்களைப் பார்த்துச் சொன்னா: "மற்றக் காட்சிக்கு லைட்ட நூப்பாங்க மகள். சத்தமும் திடீரெண்டு வரும். எனக்கு ஏலா. சண்டை நேரம் பங்கருக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் அது தெரியும். இதில லைட் எரியும். படம் பாக்கிறதெண்டா இதுக்குத்தான் வருவன். ரெண்டு வருசமா வாறன்."

டிக்கெட் பெண், ஆமாம், இவர் அடிக்கடி வருவார் என்றாள். அதை அவள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். அதிகாரி எழுதினா. பிறகு என்ன வேலை என்று கேட்டா. அக்கா சொன்னதும் அந்தப் பேனா நின்றது. பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் தங்கள் மேல் வழக்கு ஒன்றும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"குழந்தையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோக நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா?" இது என்னிடம்.

"குழந்தையை அவரிடம் நான்தான் கொடுத்தேன்."

"நான் கேட்டது அதுவல்ல, மேடம்."

நான் துருவனின் தொப்பியைச் சரிசெய்தேன். இன்று பதற்றமாக இருக்கிறீர்கள், நாளை காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் ஒருவர் தொலைபேசியில் உங்கள் வாக்குமூலத்தை எடுப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா தன் பையிலிருந்த மிச்ச பம்பஸ் பக்கெட்டை என் தள்ளுவண்டியில் வைத்தா.

"பால் குடுங்க மகள். பசியில இருக்கார்" என்றா. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டா. பின்னால் ஓடாமல் அங்கேயே இருந்து பால் கொடுத்தேன். துருவன் உண்மையாகவே பசியில்தான் இருந்தான்.

கஜனுக்கு வீட்டில் எல்லாம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆர் எண்டு தெரியாத ஆளிட்டப் பிள்ளையைக் குடுத்திட்டு நித்திரை கொண்டனீயோ?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு உள்ளதைச் சொல்லு. நான் விட்டனான் எண்டு பொய் சொன்னால், பேந்து ஒரு நாளைக்கு உன்னைத்தான் கேப்பினம், நீ என்ன தாய் எண்டு."

"உள்ளதைச் சொன்னால் அந்த மனிசிக்கு வேலை போயிடும்."

"போகாமலும் விடலாம். எங்களுக்குத் தெரியாது."

அவர் சொன்னது சரி. எங்களுக்குத் தெரியாது. அதுதான் நித்திரை வரவில்லை.

இதே காட்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு: போங்கள். இன்று நடந்ததில் தியேட்டரின் பிழை ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் இருங்கள், நடக்க இடம் உண்டு. மாற்று உடுப்பும் பம்பஸும் உள்ள பையைக் காலடியில் வைக்காமல் பக்கத்து இருக்கையில் வையுங்கள். தியேட்டரில் பிள்ளைக்கு மாற்றும் மேசை இல்லை. மருந்துக்கடை தெருவுக்கு எதிர்ப்பக்கம். உங்கள் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் ஸ்னோ சூட்டுக்குள் எழுதி ஒட்டுங்கள். திரும்பும்போது நாலு மணிக்குப் பிறகு ரயிலில் தள்ளுவண்டியோடு ஏறுவது கஷ்டம், மூன்றரைக்கு முதல் புறப்படுங்கள். யாராவது பிள்ளையைத் தூக்கக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு ஐம்பது நிமிடம் நான் நித்திரை கொண்டது அந்தக் கை நீண்டதால்தான். கொடுங்கள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். எப்படிக் கேட்பது என்று வெட்கப்படாதீர்கள்.

நாளை நான் பொய் சொல்லப்போவதில்லை. வெளியே கொண்டுபோக அனுமதி கொடுத்தேனா என்றால், இல்லை என்பேன். அதோடு நிறுத்தவும் மாட்டேன். அவ கேட்டிருப்பா, கேட்க நான் விழித்திருக்கவில்லை என்பதையும், பிள்ளை சுத்தமாக, சூடாக, ஒரு கீறலும் இல்லாமல் என் கைக்கு வந்தான் என்பதையும், என் சத்தத்தைத் தவிர அங்கே பிழையாக ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுவேன். ஆனால் அதை அக்கா முதலில் என் வாயால் கேட்க வேண்டும். அவவையும் அவர்கள் கூப்பிடுவார்கள். அப்போது என்னைப் போன்ற ஒருத்தி அல்ல, ஒழுங்கான மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க அவவுக்கு உரிமை உண்டு. அது அவவுக்குத் தெரியுமோ தெரியாது.

கல்லடி அக்கா. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் வீடு, கணவர் உணவகத்தில் சமையல், மகன் டொரண்டோவில், வீட்டில் நாலு பிள்ளைகள், வியாழன் ஓய்வு. உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். பெயரைக் கீழே எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். காலை ஒன்பது மணிக்கு முன் வேண்டும். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.